அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற நிர்வாகத்தைச் சட்டம் போட்டுத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பர் 23 அன்று, பதவியை விட்டு இறங்க நான்கு வாரம் இருக்கையில், அதிபர் ஜோ பைடன் ஒரு மசோதாவை வீட்டோ செய்தார். நாடு முழுக்க மாவட்ட நீதிமன்றங்களில் 66 நீதிபதி இடங்களைப் புதிதாக உண்டாக்கும் மசோதா அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியிருந்தது. பிறகு ஏன் அது அப்படி முடிந்தது என்று கேட்பவர்கள் பலர். அதற்குப் பதில் சொல்லப் போனால், அந்த நாட்டில் நீதிமன்றங்களை யார் நடத்துகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கேள்விகளை அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

ஃபெடரல் நீதிமன்றம் என்று எதைச் சொல்கிறார்கள்? நம்மிடம் அப்படி ஒன்று இல்லையே?

இல்லைதான். இந்தியாவில் கீழமை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணி. மாநிலச் சட்டமானாலும் ஒன்றியச் சட்டமானாலும் வழக்கு அந்த ஏணியில்தான் ஏறும். அமெரிக்காவில் இரண்டு ஏணிகள். 50 மாநிலங்களும் தங்களுக்கென்று நீதிமன்றங்களை வைத்திருக்கின்றன. விவாகரத்து, வாடகைத் தகராறு, பெரும்பாலான கொலை வழக்குகள் எல்லாம் அங்கே. ஒன்றிய அரசின் சட்டங்கள், அரசியலமைப்புக் கேள்விகள், திவால், காப்புரிமை, வெவ்வேறு மாநிலத்தாருக்கு இடையிலான பெரிய தொகை வழக்குகள் ஆகியவை ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் உச்ச நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றங்களைச் சர்க்யூட் என்பார்கள்.

நீதிமன்ற நிர்வாகத்தில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை? அதிகாரப் பிரிவினை எங்கே போயிற்று?

அரசியலமைப்பு நேரடியாக உண்டாக்கியது ஓர் உச்ச நீதிமன்றத்தை மட்டுமே. கீழமை நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், அவ்வப்போது ஏற்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் எத்தனை பேர் என்றுகூடச் சொல்லவில்லை. ஆகவே எத்தனை நீதிமன்றம், எந்த ஊரில், எத்தனை நீதிபதி, எந்த வகை வழக்கு, எத்தனை குமாஸ்தா, எவ்வளவு பணம் என்று எல்லாமே சட்டம் போட்டுத்தான் முடிவாக வேண்டும்.

முதல் சட்டம் 1789 செப்டம்பர் 24-இல் வந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு 6 நீதிபதிகள், 13 மாவட்டங்கள், 3 சர்க்யூட்டுகள். சர்க்யூட்டுகளுக்கென்று தனி நீதிபதிகள் கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய் உட்கார வேண்டும். சத்திரத்தில் தங்கி, சேற்றில் வண்டி சிக்கி, அவர்கள் புலம்பாத நாளில்லை. அந்தப் புலம்பல் உண்மையில் தீர நூறாண்டு ஆயிற்று. 1891-இல்தான் தனி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வந்தன.

இடையில் 1801-இல் ஒரு முறை தீர்ந்தது. தோற்றுப்போன ஃபெடரலிஸ்ட் கட்சி, ஆட்சியை விட்டுப் போகும் தறுவாயில் 16 சர்க்யூட் நீதிபதி இடங்களை உண்டாக்கித் தன் ஆட்களை நிரப்பியது. நள்ளிரவு நீதிபதிகள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. புது அதிபர் ஜெஃபர்சனின் கட்சி ஆட்சிக்கு வந்ததும், அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்து செய்து இடங்களையே இல்லாமல் ஆக்கியது. அந்த ரத்தை எதிர்த்து யாராவது வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று உச்ச நீதிமன்றத்தின் அமர்வுத் தேதிகளையும் மாற்றினார்கள். 1803 பிப்ரவரி வரை உச்ச நீதிமன்றம் கூடவே இல்லை. யார் கையால் நியமனம் என்ற கேள்வி, தேவையா இல்லையா என்ற கேள்வியை விழுங்கிவிடும். 1801-இல் நடந்த இது 2024-இலும் நடந்தது.

அப்படியானால் காங்கிரஸ் நினைத்ததை எல்லாம் செய்யலாமா?

முடியாது. ஃபெடரல் நீதிபதி நன்னடத்தையுடன் இருக்கும்வரை பதவியில் இருப்பார். நடைமுறையில் ஆயுள் முழுக்க. அவர் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. இந்த இரண்டையும் தொடுகிற சட்டம் நிற்காது. முடிந்துபோன தீர்ப்பை மறுபடி திறக்கும்படி காங்கிரஸ் சட்டம் போட முடியாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-இல் திவால் நீதிமன்றங்களைப் புதிதாக அமைத்தபோது, ஆயுள் பதவி இல்லாத நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறி அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். 1982-இல் அது அடிபட்டது. அதைச் சரிசெய்து புதுச் சட்டம் வர 1984 ஆயிற்று. அந்த இரண்டாண்டும் திவால் நீதிமன்றங்கள் ஒட்டுப்போட்ட தற்காலிக விதிகளில் ஓடின.

சரி, அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பது யார்?

இன்று நீதிபதிகளே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் 1939 வரை அப்படி இல்லை. நீதிமன்றத்தின் கணக்கு வழக்கை முதலில் கருவூலத் துறை பார்த்தது. 1849-க்குப் பிறகு உள்துறை, 1870-லிருந்து நீதித் துறை. இந்தக் கடைசி ஏற்பாடுதான் விசித்திரம். நீதித் துறை என்பது அரசு வழக்கறிஞர்களின் துறை. ஃபெடரல் நீதிமன்றத்தில் அதிக வழக்கு நடத்தும் கட்சிக்காரர் அதுதான். தன் முன்னால் நின்று வாதாடும் துறையிடமே நீதிபதி தன் அலுவலகச் செலவுக்குக் கையேந்த வேண்டியிருந்தது.

இதை மாற்றத் தொடங்கியவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். 1909 முதல் 1913 வரை அதிபர், 1921-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்த ஒரே மனிதர். நிர்வாகம் தெரிந்தவர், காங்கிரஸ் உறுப்பினர்களிடம் பேசிக் காரியம் சாதிக்கத் தெரிந்தவர். 1922-இல் அவர் வாங்கிய சட்டம் சர்க்யூட்டுகளின் மூத்த நீதிபதிகளை ஆண்டுதோறும் ஒரு மேசையில் உட்கார வைத்தது. எங்கே வழக்கு தேங்கியிருக்கிறது, எங்கிருந்து நீதிபதியை அனுப்பலாம் என்று அவர்கள் பேசினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய ஜுடிஷியல் கான்ஃபரன்ஸ் ஆகியிருக்கிறது. தலைமை நீதிபதியின் தலைமையில், 13 சர்க்யூட் தலைமை நீதிபதிகள், 12 மாவட்ட நீதிபதிகள், சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி என்று மொத்தம் 27 பேர். மார்ச்சிலும் செப்டம்பரிலும் கூடுவார்கள்.

அடுத்த அடி 1939-இல். அதற்கு இரண்டாண்டுக்கு முன்பு அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். 70 வயது தாண்டியும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு கூடுதல் நீதிபதி, உச்ச நீதிமன்றத்தில் 6 பேர் வரை. தனது சட்டங்களை அடித்துக்கொண்டிருந்த உச்ச நீதிமன்றத்தில் ஆள் சேர்க்கும் முயற்சி என்று எல்லோருக்கும் புரிந்தது. செனட் 70-க்கு 20 என்று அதை ஓரங்கட்டியது. அந்த மசோதாவுக்குள் நிர்வாகச் சீர்திருத்தங்கள் சிலவும் இருந்தன. அரசியல் பகுதி செத்த பிறகு அந்த எண்ணங்கள் உயிரோடு இருந்தன. 1939 ஆகஸ்டில் நீதிமன்ற நிர்வாக அலுவலகம் என்று ஒன்று உருவாகி, பட்ஜெட்டும் ஊழியர் நிர்வாகமும் நீதித் துறையிடமிருந்து நீதிபதிகளின் பொறுப்புக்கு வந்தன. சர்க்யூட்டுதோறும் நீதிபதிகள் குழுவும் அதே சட்டத்தில் வந்தது.

என் கணக்கில் இரண்டு நூற்றாண்டுச் சீர்திருத்தங்களில் அதிகம் மாற்றியது இந்தச் சட்டம்தான். செய்தித்தாள்கள் கொண்டாடியது ரூஸ்வெல்ட் சண்டையைத்தான் என்பது வேறு விஷயம்.

சர்க்யூட்டின் தலைமை நீதிபதியை அதிபர் நியமிக்கிறாரா?

இல்லை. பணிமூப்புதான். அதற்கும் சட்டம் உண்டு. பொறுப்பேற்கும்போது வயது 64-க்கு மேல் இருக்கக் கூடாது, ஓராண்டாவது அந்த நீதிமன்றத்தில் பணியாற்றியிருக்க வேண்டும், அதிகபட்சம் 7 ஆண்டு, 70 வயதானால் இறங்க வேண்டும். வாஷிங்டன் டி.சி. சர்க்யூட்டுக்கு 2020 பிப்ரவரியில் தலைமை நீதிபதியான ஸ்ரீ சீனிவாசன் இந்த விதிப்படி வந்தவர்தான். அவர் குடும்பத்துக்குப் பூர்விகம் திருநெல்வேலிக்கு அருகே மேலத்திருவேங்கடநாதபுரம். அவரை மேல்முறையீட்டு நீதிபதியாக ஒபாமா நியமித்தார்; தலைமைப் பொறுப்பைத் தந்தது எந்த அதிபரும் அல்ல, பணிமூப்பு. இந்த ஏற்பாட்டில் நல்ல நிர்வாகிதான் வருவார் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் பதவிக்காக யாரும் யாரையும் காக்கா பிடிக்க வேண்டியதில்லை.

நீதிபதிகள் போதவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஜுடிஷியல் கான்ஃபரன்ஸ் இரண்டாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. வழக்குகளைத் தலை எண்ணி விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எடை. காப்புரிமை வழக்கு நீதிபதியின் நேரத்தை நிறையத் தின்னும், கல்விக்கடன் பாக்கி வழக்கு தின்னாது. எடை போட்ட பின் ஒரு நீதிபதிக்கு ஆண்டுக்கு 430 என்ற அளவைத் தாண்டினால் கூடுதல் இடம் கேட்பதைப் பரிசீலிப்பார்கள். ஓய்வுபெற்றும் வேலை செய்யும் மூத்த நீதிபதிகள், மாவட்ட நீதிபதிகளுக்கு உதவியாக இருக்கும் மாஜிஸ்திரேட் நீதிபதிகள் எவ்வளவு கைகொடுக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். 2023-இல் அவர்கள் காங்கிரஸிடம் கேட்டது மாவட்ட நீதிமன்றங்களுக்கு 66, ஒன்பதாம் சர்க்யூட்டுக்கு 2.

கேட்பது எளிது, கிடைப்பது இல்லை. நாடு தழுவிய அளவில் பெரிய எண்ணிக்கையில் இடங்களை உண்டாக்கிய கடைசிச் சட்டம் 1990-இல் வந்தது. மாவட்டத்துக்கு 74, மேல்முறையீட்டுக்கு 11. அதற்குப் பிறகு 1999, 2000, 2002 ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. அதன் பின் ஒன்றுமில்லை.

இதன் விளைவு எங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கலிபோர்னியாவின் கிழக்கு மாவட்டத்தில். சாக்ரமென்டோ, ஃப்ரெஸ்னோ எல்லாம் அதில் அடங்கும். 1978-இல் அதற்கு 6 நீதிபதி இடங்கள். அப்போது மக்கள்தொகை சுமார் 25 லட்சம். இப்போது 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடங்கள் அதே 6. குற்ற வழக்குகளுக்குச் சட்டப்படி கால வரம்பு இருப்பதால் அவை முந்திக்கொள்ளும். வேலையில் பாரபட்சம் காட்டினார்கள் என்று வழக்குப் போட்டவரும், சிறையில் சிகிச்சை தரவில்லை என்று வழக்குப் போட்டவரும் வரிசையின் கடைசியில் நிற்பார்கள்.

அந்த 66 இட மசோதாவுக்கு என்னதான் ஆயிற்று?

அமெரிக்க வழக்கப்படி அதற்கு எழுத்துகளைப் பிடித்து இழுத்துச் சேர்த்த ஒரு பெயர்: ஜட்ஜஸ் ஆக்ட். டெலவேர் செனட்டர் கிறிஸ் கூன்ஸ் (ஜனநாயகக் கட்சி), இண்டியானா செனட்டர் டாட் யங் (குடியரசுக் கட்சி) இருவரும் சேர்ந்து கொண்டுவந்தது. 63 நிரந்தர இடங்கள், ஓக்லஹோமாவுக்கு 3 தற்காலிக இடங்கள். மொத்தத்தையும் ஒரே அதிபர் கையில் கொடுக்காமல் 2025 முதல் 2035 வரை தவணை தவணையாகத் திறப்பது என்று வைத்தார்கள்.

இதன் சூட்சுமம் காலத்தில் இருந்தது. 2024 நவம்பரில் அதிபர் தேர்தல். யார் வெல்வார் என்று தெரியாத நேரத்தில் நிறைவேற்றிவிட்டால், முதல் தவணை யாருக்குப் போகும் என்று இரு கட்சிக்கும் தெரியாது. தெரியாதபோதுதான் இருவரும் நியாயமாக ஒப்புக்கொள்வார்கள். செனட் ஆகஸ்ட் 1 அன்று தன் பங்கை முடித்தது. குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்த கீழவை, அதாவது பிரதிநிதிகள் சபை, எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் டிரம்ப் வென்றார். டிசம்பர் 12 அன்று சபை 236-க்கு 173 என்று நிறைவேற்றியது. முதல் நான்காண்டில் திறக்கும் 22 நிரந்தர இடங்களும் இப்போது டிரம்ப்புக்கு என்று உறுதியாகிவிட்டிருந்தது. ஜனநாயகக் கட்சியினர் பலர், ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள்தான் என்று பின்வாங்கினார்கள். இடங்களை எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்று சரியாகப் பரிசீலிக்கவில்லை, காலியிடங்களையே நிரப்ப விடாமல் வைத்திருந்தவர்கள் இப்போது அவசரப்படுகிறார்கள் என்று காரணம் சொல்லி பைடன் வீட்டோ செய்தார்.

இரு தரப்பையும் சமமாகக் குறைசொல்வது சௌகரியம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு மாதம் மசோதாவை அடைகாத்து, தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டு எடுத்த சபைத் தலைமைதான் அதைக் கெடுத்தது. அதே சமயம், ஃப்ரெஸ்னோவில் வாய்தா வாங்கிக்கொண்டு காத்திருப்பவருக்கு வீட்டோவினால் ஒரு பயனும் இல்லை. மசோதாவை 2025-இல் மறுபடி தாக்கல் செய்தார்கள். ஆனால் யார் நியமிப்பார் என்பது தெரிந்துபோன நிலையில் பழைய சூட்சுமம் வேலை செய்யாது. முதல் தவணையை அடுத்த அதிபர் தேர்தலுக்குப் பிறகு தள்ளினால் ஒழிய.

கூடுதல் நீதிபதிகள் எதற்கு? வழக்கைச் சீக்கிரம் முடி என்று சட்டம் போட்டால் போதாதா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். குற்ற வழக்குகளுக்கு 1974-இல் வந்த சட்டம், கைதாகி 30 நாளில் குற்றப்பத்திரிகை, அதன் பிறகு 70 நாளில் விசாரணை தொடக்கம் என்றது. மீறினால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். கணக்கில் சேராத நாட்கள் என்று நீளமான பட்டியல் இருந்தாலும், மீறினால் இழப்பு உண்டு என்பதால் அந்தச் சட்டத்துக்குப் பல் இருக்கிறது.

சிவில் வழக்குகளுக்கு 1990-இல் வந்தது வேறு மாதிரி. 94 மாவட்டங்களும் செலவையும் தாமதத்தையும் குறைக்கத் தத்தமக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும் என்றது. குழுக்கள் போட்டார்கள், அறிக்கைகள் எழுதினார்கள். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 1996-இல் அறிக்கை தந்தது. திட்டங்களால் காலமும் செலவும் பெரிதாக மாறவில்லை. நீதிபதி ஆரம்பத்திலேயே வழக்கைக் கையில் எடுத்தால் காலம் குறைகிறது, ஆனால் வழக்கறிஞர்களின் வேலை மணி கூடுகிறது. கட்சிக்காரரின் பர்ஸுக்கு அது லாபமில்லை.

அதே சட்டத்தின் ஒரு சின்னப் பிரிவு மட்டும் சொன்னதைச் செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் உத்தரவு போடாத மனுக்களையும், மூன்று ஆண்டுக்கு மேல் கிடக்கும் வழக்குகளையும் நீதிபதியின் பெயர் போட்டு ஆண்டுக்கு இரு முறை வெளியிட வேண்டும் என்ற பிரிவு. தண்டனை எதுவும் இல்லை. பெயர் வரும், அவ்வளவுதான். மூன்றாண்டு தாண்டிய வழக்குகளில் சுமார் கால்வாசி குறைந்துபோயின என்று அதே ராண்ட் அறிக்கை சொல்கிறது. ஆயுள் பதவியில் இருப்பவரை அரசாங்கம் அசைக்க முடியாது. சக நீதிபதிகள் முன் சோம்பேறி என்று பெயர் வாங்குவது அவரை அசைக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் உத்தரவுகள் கொட்டும் என்பது அங்கே வழக்கறிஞர்கள் அறிந்த விஷயம். அவசரத்தில் எழுதும் உத்தரவு நல்ல உத்தரவா என்பது தனிக் கேள்வி, அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

புத்தி சொல்லும் சட்டங்கள் ஏட்டோடு நின்றுவிடுகின்றன. இடம், பணம், வழக்கு யாரிடம் போகும், எது வெளியே தெரியும் என்ற நான்கில் ஒன்றையாவது தொடும் சட்டமே நடப்பை மாற்றுகிறது.

வழக்குப் போடுபவரே தனக்கு வேண்டிய நீதிபதியைப் பிடிக்க முடியுமாமே?

சில இடங்களில் முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் எந்த வகை வழக்கு யாரிடம் என்று ரோஸ்டர் தலைமை நீதிபதி கையில் இருப்பதுபோல, அமெரிக்காவில் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றமும் தன் விதிப்படி வழக்கைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. டெக்சாஸ் போன்ற பரந்த மாநிலத்தில், ஒரு மாவட்டத்துக்குள் பல பிரிவுகள், சில பிரிவில் ஒரே ஒரு நீதிபதி. அந்த ஊரில் தாக்கல் செய்தால் அவரிடம்தான் போகும்.

வேகோ என்ற ஊரில் இருந்த ஒரே ஃபெடரல் நீதிபதியிடம் 2021 வாக்கில் நாட்டின் காப்புரிமை வழக்குகளில் ஏறத்தாழ கால்வாசி வந்து சேர்ந்தது. 2022 ஜூலையில் அந்த மாவட்டத்தின் தலைமை நீதிபதி, வேகோவில் போடும் காப்புரிமை வழக்குகளை 12 நீதிபதிகளுக்குக் குலுக்கிப் பிரிக்க உத்தரவிட்டார். அமரில்லோ என்ற இன்னொரு ஊர், கருக்கலைப்பு மாத்திரை வழக்கினால் பெயர் பெற்றது. மாத்திரைக்கு எதிராக 2022 நவம்பரில் அங்கே வழக்குப் போட்ட மருத்துவர் சங்கம் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஊரில் பதிவாகியிருந்தது. 2023 ஏப்ரலில் மாத்திரையின் அனுமதியை நிறுத்தி உத்தரவு வந்தது. வழக்குப் போட இவர்களுக்குத் தகுதியே இல்லை என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது.

2024 மார்ச்சில் ஜுடிஷியல் கான்ஃபரன்ஸ் ஒரு கொள்கையை அறிவித்தது. அரசு நடவடிக்கைக்கு மாநிலம் தழுவிய, நாடு தழுவிய தடை கேட்கும் வழக்குகளை மாவட்டம் முழுவதுக்கும் குலுக்க வேண்டும் என்று. குடியரசுக் கட்சி செனட்டர்கள் கொதித்தார்கள். சில நாளில் இது வழிகாட்டுதல்தான், கட்டாயமல்ல என்று விளக்கம் வந்தது. அமரில்லோவை உள்ளடக்கிய வடக்கு டெக்சாஸ் மாவட்டம், நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த மாதம் செனட்டில் இரண்டு மசோதாக்கள்: குலுக்கலைக் கட்டாயமாக்க ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமர் ஒன்று, தடையுத்தரவின் வீச்சையே வழக்காடியவர்களோடு நிறுத்த குடியரசுக் கட்சித் தலைவர் மெக்கானல் ஒன்று. இரண்டும் சட்டமாகவில்லை. தடையுத்தரவின் வீச்சை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றமே 6-க்கு 3 என்று சுருக்கிவிட்டது. காங்கிரஸ் தன் வேலையைச் செய்யாமல் இருந்தால் நீதிமன்றமே செய்துகொள்ளும்.

குலுக்கலுக்கு எதிரான வாதம் வெறும் சாக்கு என்று சொல்ல மாட்டேன். விபத்து வழக்கு போட்ட உள்ளூர்க்காரர் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி உள்ள நகரத்துக்கு அலையக் கூடாது என்பது நியாயம். ஆனால் நாடு முழுவதற்கும் தடை கேட்கும் வழக்கில் அந்த நியாயம் எங்கே இருக்கிறது?

ஒன்பதாம் சர்க்யூட்டை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்களா?

பல பத்தாண்டுகளாகக் கேட்கும் பேச்சு. கலிபோர்னியா உட்பட 9 மாநிலங்கள், நாட்டின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கு, 29 நீதிபதிகள். இவ்வளவு பேர் ஒன்றாக உட்கார முடியாது என்பதால் முழு அமர்வு என்றால் அங்கே 11 பேர். பிரிக்கும் மசோதாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எதுவும் தேறவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி பைரன் ஒயிட் தலைமையிலான ஆணையமும் 1998-இல் பிரிக்க வேண்டாம் என்றது. ஐந்தாம் சர்க்யூட் 1981-இல் பிரிந்து பதினொன்றாவது உருவானதே என்பார்கள். அங்கே நீதிபதிகள் எல்லோரும் ஒருமித்துக் கேட்டார்கள். இங்கே அந்த ஒருமிப்பு இல்லை, கலிபோர்னியாவை என்ன செய்வது என்பதற்கும் விடை இல்லை.

தவறு செய்யும் நீதிபதியை என்ன செய்ய முடியும்?

பதவியைப் பறிப்பது காங்கிரஸின் பதவிநீக்க விசாரணை மூலம் மட்டும். இருநூறு ஆண்டுக்கு மேலான வரலாற்றில் 15 ஃபெடரல் நீதிபதிகள்மீது குற்றம் சுமத்தி, 8 பேரைத்தான் நீக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ளதற்காக 1980-இல் ஒரு சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். சர்க்யூட் தலைமை நீதிபதி பார்ப்பார், தேவையானால் குழு போடுவார். கண்டிக்கலாம், சிறிது காலம் புது வழக்கு தராமல் நிறுத்தலாம். வருகிற புகாரில் மிகப் பெரும்பாலானவை, தீர்ப்பு எனக்கு எதிராக வந்துவிட்டது என்பதுதான். அவற்றை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு பாலின் நியூமன் வழக்கு. 1984-இல் நியமனமான, காப்புரிமைச் சட்டத்தில் பெரிய பெயர். 96 வயதில், வேலை செய்யும் திறன் பற்றிய விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று 2023-இல் சக நீதிபதிகளே அவருக்கு ஓராண்டு வழக்கு தராமல் நிறுத்தினார்கள். பின்னர் அதை நீட்டித்துக்கொண்டே போனார்கள். பதவி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வழக்கு இல்லை. ஆயுள் பதவி என்ற உறுதியை இது பின்வாசல் வழியாகக் கரைக்கிறது என்று அவர் தரப்பு வாதாடியது. எனக்கும் அந்தக் கவலை உண்டு.

ஓட்டையும் உண்டு. நீதிபதி பதவி விலகினால் புகார் அதோடு முடிந்துவிடும். உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்தாலும் முடிந்துவிடும். 2018-இல் பிரெட் கவனாமீது வந்திருந்த 83 புகார்கள் அப்படித்தான் மூடப்பட்டன, ஏனெனில் இந்தச் சட்டம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தொடாது.

நீதிபதிகள் தங்கள் பங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

வேண்டும். தங்களிடமோ குடும்பத்தாரிடமோ பங்கு இருக்கும் கம்பெனிகளின் வழக்குகளையே 131 நீதிபதிகள் விசாரித்திருந்ததை 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. அடுத்த மே மாதமே சட்டம் கையெழுத்தாயிற்று. சொத்து விவரம் இணையத்தில் வர வேண்டும், பங்கு வாங்கினால் விற்றால் 45 நாளுக்குள் சொல்ல வேண்டும். இவ்வளவு வேகமாக ஒரு நீதிமன்றச் சட்டம் வந்தது அபூர்வம். யாருக்கும் நியமன லாபம் இல்லாத விஷயம் என்பதால் தடுக்க ஆளில்லை.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்ணிக்கையையும் சட்டத்தாலேயே மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். 6-இல் தொடங்கி 7, 9, 10 என்று ஏறியது. 1866-இல் 7-ஆக இறங்கட்டும் என்றார்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு நியமன வாய்ப்பு போகக் கூடாது என்பது அதில் ஒரு நோக்கம். 1869-லிருந்து 9. அதிலேயே நிற்பது மரபினால்தான். நீதிபதிகளின் பதவிக்காலத்துக்கு 18 ஆண்டு வரம்பு போன்ற யோசனைகளுக்குச் சாதாரணச் சட்டம் போதுமா என்பதில் வல்லுநர்களிடையே ஒற்றுமை இல்லை. நடத்தை விதித் தொகுப்பு ஒன்றை 2023 நவம்பரில் நீதிபதிகள் தாங்களே வெளியிட்டார்கள். அமல்படுத்த யாரும் இல்லை.

பணம்?

நீதிமன்றங்கள் கேட்கும் தொகையை அதிபர் ஒரு காசு மாற்றாமல் தன் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும் என்று சட்டம். வெட்டுவதானால் காங்கிரஸ்தான் வெட்ட வேண்டும். மொத்த அரசுச் செலவில் 0.2 சதவீதம்கூட வராத தொகை. ஆனால் கட்டடம் கட்டித் தருவதும் பராமரிப்பதும் நிர்வாகத் துறையின் கையில். நீதிமன்றத்தைக் காவல் காக்கும் மார்ஷல்கள் நீதித் துறையின் ஊழியர்கள். 1939-இல் முடியாமல் விட்ட வேலை அது.

ஆவணம் பார்க்கக் காசு கேட்கிறார்களே, அது எந்தச் சட்டம்?

ஃபெடரல் நீதிமன்ற வழக்கு ஆவணங்கள் கிடைக்கும் பேசர் என்ற இணையத்தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். தேவையான அளவுக்கு மட்டும் வசூலிக்கலாம் என்று 2002-இல் ஒரு சட்டம் சொன்னது. வசூலித்த பணத்தில் ஒரு பகுதி, ஜூரர்களுக்கான இணையச் சேவை போன்ற சம்பந்தமில்லாத செலவுகளுக்கும் போனது. மூன்று தொண்டு அமைப்புகள் 2016-இல் வழக்குப் போட்டு வென்றன. 12.5 கோடி டாலர் திருப்பித் தரும் சமரசம் 2024 மார்ச்சில் உறுதியானது. முழுக்க இலவசமாக்கும் மசோதா 2020 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது, செனட்டைத் தாண்டவில்லை.

அதுவரை இலவசமாகப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. மூன்று மாதத்தில் கட்டணம் 30 டாலருக்குள் நின்றால் வசூலிக்க மாட்டார்கள். எப்போதாவது பார்ப்பவருக்கு அதுவே போதும். தீர்ப்புகளுக்கு எப்போதும் கட்டணம் இல்லை. நேரில் போனால் நீதிமன்ற அலுவலகத்தில் உள்ள கணினியில் காசில்லாமல் படிக்கலாம், அச்செடுத்தால்தான் பக்கத்துக்கு 10 சென்ட். ஆராய்ச்சியாளர்களும் வசதியற்றவர்களும் கட்டண விலக்குக் கேட்டு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.